பக்கத்து வீட்டுப் பாத்திரம்

அம்மா அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை மூன்று முறை கழுவினாள். முதலில் வெறும் தண்ணீரில், பிறகு சோப்புப் போட்டு, கடைசியில் கொதிக்க வைத்த தண்ணீரை ஊற்றி. நான் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

2017 ஜனவரி. நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதி, ஜமைக்கா. ஆறாவது மாடியில் எங்கள் வீடு. மனைவியின் பிரசவத்துக்காக அம்மா காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு முதல் விமானம், முதல் பனி, முதல் லிஃப்ட் வாழ்க்கை. எதிர்வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெண்மணி தனியாக இருந்தார். தெற்கே ஜார்ஜியாவில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு நியூயார்க் வந்தவர். நகரப் பேருந்துத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தொப்பி வைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போவார். குழந்தை பிறந்த சேதி கேட்டு, பீச் பழம் போட்டுச் சுட்ட கோப்ளர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பாத்திரத்தின் அடியில் துணி சுற்றியிருந்தது. இன்னும் சூடாக இருந்தது.

கதவை மூடியதும் அம்மா கேட்டாள்: “இவங்க என்ன ஆளுங்கடா?”

இந்தக் கேள்வியைக் காஞ்சிபுரத்தில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். குவீன்ஸில் அது காதில் விழுந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “அமெரிக்கா ஆளுங்கம்மா” என்றேன். அம்மா சிரிக்கவில்லை. “பச்ச உடம்புக்காரி இதெல்லாம் சாப்பிடக் கூடாது” என்று சொல்லிவிட்டு மொத்தத்தையும் குப்பைப் பையில் கவிழ்த்தாள். பிறகுதான் அந்த மூன்று கழுவல்.

குப்பைப் பையைக் கொண்டுபோய்ப் போட்டது நான். மாடிக்கு ஒரு குப்பை அறை, நடைபாதையின் கடைசியில். பை வெள்ளை நிறம், உள்ளே இருப்பது வெளியே தெரியும். அந்தப் பெண்மணியின் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மறுநாள் கழுவிய பாத்திரத்தில் கொஞ்சம் பாயசம் ஊற்றி எடுத்துப்போய்க் கொடுத்தேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது அம்மாவின் முறை. பாயசமும் அவள் வைத்ததுதான். இதை யோசித்துப் பாருங்கள்: அவர் கொடுத்ததைக் கொட்டியவள், தான் கொடுப்பதை அவர் சாப்பிட வேண்டும் என்று முந்திரி வறுத்துப் போட்டாள். “எல்லாரும் விரும்பிச் சாப்பிட்டோம், ரொம்ப நன்றி” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “குழந்தை தூங்குகிறாளா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

*

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே அம்மாவுக்கு வக்காலத்து வாங்குவார்கள். முட்டை சேர்த்திருப்பார்கள், மாட்டுக் கொழுப்பு இருக்கலாம், பெரியவர்களுக்குச் சங்கடமாகத்தானே இருக்கும், மத நம்பிக்கையை மதிக்க வேண்டாமா. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. நாங்கள் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் கறிக்குழம்பு வாசம் வராத வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அதே அம்மா, அந்த வாரமே கடையில் வாங்கிய முட்டை கேக்கைக் காப்பியோடு சாப்பிட்டாள். கேக் செய்த கை எது என்று கடைக் கேக்குக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் அதில் ஒன்றும் இல்லை. ஆக, அது உணவைப் பற்றியதே அல்ல.

அந்தச் சாக்கை நானே வேறு இடத்தில் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூஜெர்சியில் ஒரு வீட்டுக் கொலு. போன இடத்தில் எல்லோரும் நம்ம ஊர்க்காரர்கள். காஞ்சிபுரம் என்றதும் ஒருவர் முகம் மலர்ந்தது. “அடடே, பெருமாள் கோயில் பக்கமா, காமாட்சி அம்மன் கோயில் பக்கமா?” இது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, “நீங்க வெஜ்தானே?” மூன்றாவதாக ஒரு தோள் தட்டல். நட்பான தட்டல்தான். ஆனால் கை சட்டைக்கு மேல் ஒரு கணம் கூடுதலாக நின்று, அங்கே இருக்க வேண்டிய நூல் இருக்கிறதா என்று தேடியது. புலம்பெயர்ந்த நம்மவர்களில் பலருக்கு இந்தத் தட்டல் தெரியும். நான் “ஆமா சார், வெஜ்தான்” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நானே ஒழுங்காக விளக்கிக்கொள்ள முடியவில்லை. யாரும் என்னை வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள். சுண்டலைக் குறைத்துக் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் சொன்னேன். சேர்த்துக்கொள்ளப்படுவதற்கு இவ்வளவு மலிவாகப் பொய் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆக என் கையில் இரண்டு பொய்கள். ஒன்று எனக்கு மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களிடம், இன்னொன்று எனக்குக் கீழே என்று என் வீடு நினைத்தவரிடம். ஒன்றில் நான் பாவப்பட்டவன், இன்னொன்றில் பாவம் செய்தவன். இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

*

காஞ்சிபுரத்தில் வளர்ந்தவனுக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்பது தெருப்பெயரோடு சேர்ந்தே வந்துவிடும். பெரிய காஞ்சிபுரம் சிவனுக்கு, சின்னக் காஞ்சிபுரம் பெருமாளுக்கு. பெருமாளுக்குள்ளேயே வடகலை, தென்கலை. வரதராஜப் பெருமாள் சன்னிதியில் யார் முன்னால் நின்று எதைப் பாடுவது என்று தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறிய ஊர் இது. யானை நெற்றியில் எந்த நாமம் போடுவது என்பதற்கே வழக்குப் போட்டவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கிண்டல் செய்வார்கள். திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில் இன்னும் நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றி எழுதியபோது சுமார் நூறு பௌத்த மடங்களைக் கணக்குச் சொன்னார். மணிமேகலை வந்துசேர்ந்த ஊர் இதுதான். அந்த மடங்கள் எங்கே என்று நான் படித்த பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டதில்லை. ஒரு ஊர் யாரையெல்லாம் தன்னுடையவர்கள் என்று நினைவு வைத்துக்கொள்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பது கோபுரத்தைப் பார்த்தால் தெரியாது.

எங்கள் வீட்டுத் தறி குழித்தறி. கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆள் போதாது. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா ஓட வேண்டும். அப்பா நடுவில் உட்காருவார். பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுப்பான். தொண்ணூறுகளில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் சிறுவர்கள்தான். வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் அது தீரும்வரை பையன் தறியில்தான். காஞ்சிபுரத்துப் பட்டில் கொத்தடிமைச் சிறுவர்கள் இருந்ததைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் அறிக்கையே வெளியிட்டது. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். எங்கள் வீட்டைப் பற்றி யாரோ வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டார்கள் என்று கோபம்தான் வந்தது.

எங்கள் தறிக்கு வந்த பையனுக்கு என் வயது. ஊருக்கு வெளியே காலனியிலிருந்து வருவான். காலை ஆறரைக்கு அவன் தறியில், எட்டரைக்கு நான் பள்ளிக்கூடத்தில். அவன் கைபட்ட பட்டு கல்யாணத்துக்குப் போகும், கோயிலுக்குப் போகும், அம்மனுக்குச் சாத்துவார்கள். யாரும் அதைக் கழுவிச் சாத்துவதில்லை. ஆனால் அவனுக்குத் தண்ணீர் குடிக்க ஒரு அலுமினிய டம்ளர் தனியாக, திண்ணைக் கூரையின் இடுக்கில் செருகியிருக்கும். குடித்துவிட்டு அவனே கழுவி அவனே செருகுவான். அப்பா அவனிடம் அன்பாகத்தான் பேசுவார். தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பார். இந்த அன்பையும் அந்த டம்ளரையும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் வைத்திருக்க முடிந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கு ஆச்சரியம். வெறுப்பு என்று ஒன்று இருந்தால்தான் ஒதுக்கல் நடக்கும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் வீட்டில் வெறுப்பே இல்லை. ஒழுங்கு மட்டும் இருந்தது.

*

எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு. வைணவர்களுக்குத் தெரிந்திருக்கும். வரதராஜருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர் திருக்கச்சி நம்பி. பிராமணர் அல்லர். ராமானுஜர் அவரைக் குருவாக வைத்துப் பார்த்தார். அவர் உண்டு மிச்சம் வைத்ததைத் தான் உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்தார். நம்பி வந்த நேரத்தில் ராமானுஜர் வீட்டில் இல்லை. அவரைத் தேடித்தான் வேறு தெரு வழியாகப் போயிருந்தார். மனைவி தஞ்சமாம்பாள் நம்பிக்குச் சோறு போட்டார். அவர் போனதும் மீதியை யாருக்கோ கொடுத்துவிட்டு, இடத்தைச் சுத்தம் செய்து, குளித்துவிட்டு, கணவனுக்குப் புதிதாகச் சமைத்தார். திரும்பி வந்த ராமானுஜர் உடைந்துபோனார். இப்படி மூன்று சம்பவங்கள். பிறகு அவர் துறவு பூண்டார். சொல்பவரைப் பொறுத்து விவரங்கள் மாறும், குளித்தது மட்டும் மாறாது.

சின்ன வயதில் கேட்டபோது எனக்குத் தஞ்சமாம்பாள் மீது கோபம் வந்தது. இப்போது அந்தக் கதையே உறுத்துகிறது. அந்தப் பெண் தன் தெரு கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தார். வீட்டுக்காரர் பெரிய மனதோடு விருந்துக்கு அழைத்துவிட்டார், சரி. அழைப்பதற்கு முன்பு அவரிடம் உட்கார்ந்து பேசினாரா? அந்த வீட்டில் அவருக்கு எதையாவது மறுக்கவோ கேட்கவோ இடம் இருந்ததா? கதையில் ராமானுஜருக்கு ஒரு வெளிவாசல் இருக்கிறது. அவர் கிளம்பினார், உலகம் அவரைப் பெரியவராக்கியது. அவர் பின்னாளில் செய்தவை பெரிய காரியங்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தஞ்சமாம்பாள் பிறந்த வீட்டுக்குப் போனார், கதை அவரை அங்கேயே விட்டுவிட்டது. நான் அம்மாவை விட்டு எங்கே போவது? என் மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பவள் அவள்தான். போகவே முடிந்தாலும் எந்த முகத்தோடு போவேன்? குப்பைப் பையைக் கையில் எடுத்தவன் நான்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு அது நம்பிக்கை. காலையில் குளித்துக் கற்பூரம் காட்டுவதும், ஆடிக்குக் கூழ் ஊற்றுவதும், யார் கையில் வாங்கிச் சாப்பிடலாம் என்பதும் அவளுக்கு ஒரே நூலில் கோர்த்தவை. மூன்றாவதை மட்டும் உருவி எடு என்று நான் சொன்னால் முதல் இரண்டும் சரியும் என்று அவள் பயப்படுகிறாள். சரியாது என்று எனக்கு அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். ஆனால் என் நம்பிக்கையிலிருந்து எதையும் உருவ வேண்டியிருக்கவில்லை. என்னிடம் கற்பூரமும் இல்லை, கூழும் இல்லை. மிச்சம் இருந்தது அந்தக் கூச்சம் மட்டும்தான். அன்றைக்குக் கோப்ளரைப் பார்த்தபோது எனக்குள்ளும் லேசாக ஒன்று பின்வாங்கியது. அதை நான் மறைத்துக்கொண்டேன். அம்மா மறைக்கவில்லை.

*

1923-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிச் சீக்கியர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டிருந்தார். அன்றைய சட்டப்படி வெள்ளையர்களுக்கும், 1870-க்குப் பிறகு ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் குடியுரிமை. திந்த் தரப்பு வாதம் இதுதான்: அவர் உயர்சாதிக்காரர், ஆரியர், ஆகவே வெள்ளையர். அதற்கு ஆதாரமாக அவர்கள் வைத்த ஒரு வாதம் என்னைத் தூங்கவிடவில்லை. கல்யாண விஷயத்தில் இந்தியாவின் உயர்சாதிக்காரர் அங்குள்ள பூர்வகுடிகளைப் பார்ப்பதும் அமெரிக்கர் கறுப்பரைப் பார்ப்பதும் ஒன்றுதான் என்றார்கள். அதாவது, உங்களைப் போலவே நாங்களும் ஒதுக்குகிறோம், ஆகவே நாங்களும் உங்களில் ஒருவர். நீதிபதி சதர்லேண்ட் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. சாதாரண வெள்ளைக்காரன் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலருடைய குடியுரிமையும் அதன்பின் பறிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பகாய் 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். திந்துக்கு, முன்னாள் படைவீரர் என்ற வகையில், 1936-இல் குடியுரிமை கிடைத்தது.

சட்டத்தில் இரண்டு வாசல்கள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் நிறம் சார்ந்து குடியுரிமை வழக்குப் போட்ட ஆசியர்கள் ஏறக்குறைய எல்லோருமே வெள்ளை வாசலைத்தான் தட்டினார்கள். மற்ற வாசல் வழியாகப் போக யாருக்கும் மனம் வரவில்லை. கொலு வீட்டில் நான் “வெஜ்தான்” என்று சொன்னதும் இதே வாசல்தான்.

கடைசியில் எங்களுக்குக் கதவு திறந்தது எப்படி? 1964-இல் சிவில் உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி நாட்டு வாரியான பழைய ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம். தெருவில் இறங்கி அடிவாங்கிய கறுப்பின மக்கள் உண்டாக்கிய காற்றில்தான் அந்தக் கதவும் திறந்தது. எதிர்வீட்டுப் பெண்மணிக்கு அப்போது இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலோ கீழோ இருந்திருக்கும். அவர் தலைமுறை திறந்த கதவு வழியாக வந்த நான், அவர் சுட்டுத் தந்ததை அவர் வாசல் வழியாகவே குப்பைக்குக் கொண்டுபோனேன்.

மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் தீண்டத்தகாதவர் எனப்பட்டவர்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் தனக்கு அதிர்ச்சியும் எரிச்சலும் வந்ததாகவும், பிறகு யோசித்துப் பார்த்து அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதாகவும் 1965 ஜூலை 4 அன்று தன் சர்ச்சில் பேசும்போது கிங் சொன்னார். அந்த எரிச்சலையும் மறைக்காமல் சொன்னாரே, அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

*

2017 பிப்ரவரி 22, புதன்கிழமை. கான்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில் ஒரு மதுக்கூடத்தில் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா என்ற பொறியாளர் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 32. என் நாட்டை விட்டு வெளியே போ என்று கத்திவிட்டுச் சுட்டவன், தான் சுட்டது ஈரானியர்களை என்று நினைத்துக்கொண்டிருந்தான். தடுக்கப் போன இயன் கிரில்லட் என்ற வெள்ளைக்கார இளைஞருக்கும் குண்டு பட்டது. நாங்கள் இந்த நாட்டுக்கு உரியவர்கள்தானா என்று குச்சிபோட்லாவின் மனைவி பொதுவில் கேட்டார். அந்த வாரம் அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு இந்திய வீட்டிலும் அந்தக் கேள்வி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது.

நான் அம்மாவிடம் வெளியே போகும்போது பொட்டு வைக்க வேண்டாம் என்றேன். புடவைக்கு மேல் என் மனைவியின் நீளக் கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். “நாம என்னடா தப்பு பண்ணோம்?” என்றாள். அலுமினிய டம்ளர் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. அப்போது அது சொல்லக்கூடிய நேரமில்லை. இப்போது எழுதுவது சுலபம்.

சனிக்கிழமை காலை எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். தொலைக்காட்சியில் பார்த்தேன், உங்களுக்கு ஏதாவது தேவையா என்று கேட்டார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, இவர் தினமும் நடக்கப் போவாரே, இந்த வாரம் காணவில்லையே, நான் கூட வருகிறேன் என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் மொழிபெயர்த்தேன். அம்மா கொஞ்சம் தயங்கி, செருப்பை மாட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடைபாதையில் பனி உறைந்து வழுக்கியது. முனையில் திரும்பும்போது அம்மா அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். பொட்டும் வைத்திருந்தாள், நான் சொன்னதைக் கேட்காமல்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். நேராக வீட்டுக்குள் வந்தவள் கை கழுவுகிறாளா என்று கவனித்தேன். கழுவினாள். வெளியே போய்வந்தால் எப்போதும் கழுவுகிறவள்தான்.

அவள் ஊருக்குத் திரும்பும்வரை வாரத்துக்கு மூன்று நான்கு நாள் அப்படி நடந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. பேச ஒரு மொழி இல்லை. அவர் இன்னொரு முறை எதுவும் செய்து கொண்டுவரவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

*

குவீன்ஸில் ஃப்ளஷிங் பகுதியில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. 1977-இல் குடமுழுக்கு நடந்தது. அமெரிக்காவில் ஆகம முறைப்படி எழுந்த முதல் கோயில்களில் ஒன்று. கீழ்த்தளத்துக் கேண்டீனில் தோசை நன்றாக இருக்கும். சாமி கும்பிடாத என்னைப் போன்றவர்களும் அங்கே அடிக்கடி காணப்படுவதற்கு அதுதான் காரணம். கோயில் இருக்கும் தெருவுக்குப் பௌன் தெரு என்று பெயர். பல வருடம் போய்வந்த பிறகுதான் அந்தப் பெயர் யாருடையது என்று தேடிப் பார்த்தேன்.

1657-இல் நியூயார்க் டச்சுக்காரர்களின் கையில் இருந்தது. குவேக்கர்களுக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது என்று ஆளுநர் ஸ்டைவசென்ட் உத்தரவு போட்டார். ஃப்ளஷிங்வாசிகள் முப்பது பேர் அதை மறுத்து மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தங்கள் கதவு யூதர்களுக்கும் துருக்கியர்களுக்கும்கூடத் திறந்திருக்கும் என்று எழுதினார்கள். கையெழுத்திட்டவர்களில் ஒருவர்கூடக் குவேக்கர் அல்ல என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். சிலருக்குச் சிறைவாசம் கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, குவேக்கர்கள் கூடத் தன் வீட்டைக் கொடுத்ததற்காகக் கைதாகி நாடுகடத்தப்பட்டவர் ஜான் பௌன். அவர் ஹாலந்து போய் முறையிட்டு, வென்று திரும்பினார். அவர் வீடு இன்னும் அதே தெருவில் இருக்கிறது. பிள்ளையார் கோயிலிலிருந்து நடந்தே போகலாம்.

தனக்காக இல்லாமல் அடுத்தவருக்காகப் போட்ட கையெழுத்துகள் அவை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோதும், அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் அதற்கான சட்டம் நிறைவேறி, இருக்கிற சட்டமே போதும் என்று ஆளுநர் அதை நிராகரித்தபோதும், என் வாட்ஸ்அப் குழுக்களில் நடந்த சண்டையைப் பார்க்கும்போது எனக்கு இந்தத் தெருதான் ஞாபகம் வந்தது. சாதி என்று சட்டத்தில் எழுதினால் ஒவ்வொரு இந்தியனையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்றார்கள். இந்தப் பயத்தை நான் முழுதாகக் கேலி செய்ய மாட்டேன். கான்சாஸுக்குப் பிறகு பொட்டை அழிக்கச் சொன்னவன் நான். ஆனால் அப்படிப் பேசிய யாரும், நான் உட்பட, கொலு வீட்டுத் தோள் தட்டலைப் பற்றி அந்தக் குழுவில் ஒரு வரி எழுதவில்லை. நம் கதவைத் தட்டி நம்மை அடிக்க வருகிறவனிடம் கேட்கும் நியாயத்தை, நாம் தட்டிப் பார்க்கிற தோளுக்குக் கொடுக்கவில்லை.

*

2019-இல் அத்தி வரதரைப் பார்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஊருக்கு வந்தேன். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்து 48 நாள் தரிசனம். ஜூலை வெயிலில் ஊரே வரிசையாக நின்றது. அந்த வரிசையில் தறிக்கு வந்த பையனைப் பார்த்தேன். இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ், இரண்டு பிள்ளைகள். என்னை அவன்தான் அடையாளம் கண்டுபிடித்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினான். குடித்தேன். வாய் வைத்துத்தான் குடித்தேன். அதை ஏதோ பெரிய காரியம் போல மனதுக்குள் குறித்துக்கொண்டதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அம்மா கொஞ்சம் தள்ளி நிழலில் உட்கார்ந்திருந்தாள். நான் மெதுவாக, “அந்த டம்ளர் விஷயம்… சாரிடா” என்றேன். அவன் முதலில் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் சிரித்தான். “அது எல்லா வீட்லயும்தான் இருந்துச்சு. உங்க அப்பா கடைசி வருஷம் மூணு வாரக் கூலிய முன்பணத்துல கழிச்சேன்னு சொல்லிக் கழிக்காம விட்டாரு. எங்க ஆயா வந்து கேட்டுச்சு. அது தெரியுமா உனக்கு?”

தெரியாது. அப்பா அப்போது இல்லை, 2015-இலேயே போய்விட்டார். நான் பல வருடமாகச் சுமந்துகொண்டிருந்த குற்றவுணர்வு டம்ளரைப் பற்றியது. டம்ளர் எனக்கு வசதியாக இருந்தது. அதைப் பற்றி எழுதலாம், கேட்பவர்கள் நெகிழ்வார்கள். மூன்று வாரக் கூலி வேறு சங்கதி, அதைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எந்தத் தவறுக்கு வருந்துவது என்பதையும் தவறு செய்தவனே தேர்ந்தெடுத்துக்கொள்கிறான் என்பது எனக்கு அந்த வரிசையில் நின்றபோதுதான் உறைத்தது. பணத்தைக் கொடுக்கப் போனேன். அவன் வாங்கவில்லை. இரண்டாவது தடவை அவன் வீட்டுக்குப் போய், கூலி என்று சொல்லிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டான். வட்டி போடவில்லையா என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்டானா என்று தெரியவில்லை. போட்டுக் கொடுத்தேன்.

இதனால்தான் எதிர்வீட்டுப் பெண்மணிக்கு நான் இன்னும் எழுதவில்லை. அவர் 2020-இல் மகளோடு இருக்க ஜார்ஜியாவுக்கே திரும்பிப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவார், நானும் அனுப்புவேன். உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதி மூன்று முறை கிழித்திருக்கிறேன். அவருக்கு அன்றைக்கு எதுவும் தெரியாமல் இருந்திருந்தால், என் மனம் லேசாவதற்காக எண்பது வயதுப் பெண்மணியிடம் போய், உங்கள் கைப் பண்டத்தை எங்கள் வீடு கொட்டியது என்று சொல்வது என்ன நியாயம்? அது இரண்டாவது முறை கொட்டுவது மாதிரி. தெரிந்திருந்தால், தெரிந்தும் என் அம்மாவோடு பனியில் நடந்தார் என்றால், அந்தப் பொய்யை அவர் ஏழு வருடமாக எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அப்போது சொல்லாமல் இருப்பதுதான் அவமரியாதை. எது என்று தெரியாமல் எழுத முடியவில்லை. எழுதாமல் அது எது என்று தெரியப்போவதும் இல்லை.

போன மாதம் லீவில் ஊருக்கு வந்தேன். தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாகிவிட்டது, அங்கேதான் இப்போது ஃபிரிட்ஜ் நிற்கிறது. சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அமெரிக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. “அந்த எதிர்வீட்டம்மா எப்படி இருக்காங்க?” என்றாள். நன்றாக இருக்கிறார், கால் வலியாம் என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு களைந்த தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு நீ குப்பை எடுத்துனு போனப்ப அவங்க கதவைத் திறந்துகினுதான் நின்னாங்க. நான் உள்ளருந்து பாத்தேன்.”

“ஏம்மா சொல்லலை?”

“சொல்லி?” என்றாள். குக்கரை மூடி அடுப்பில் வைத்தாள்.